எட்டாவது புத்தகம்

ஜனவரி 6, 1986, திங்கள்

பாசஞ்சர் இருபது நிமிடம் தாமதம். நல்லதாய்ப் போயிற்று. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை நின்றுகொண்டே பதினான்கு பக்கம் படித்தேன்.

நேற்று நூலகத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். நூலகர் விருத்தாசலம் சாருடைய ஏற்பாடு. மாதத்துக்கு ஒரு பழைய நாவலோ காவியமோ, வருஷத்துக்குப் பன்னிரண்டு. மாதக் கடைசி ஞாயிறு வாசகர் வட்டத்தில் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டும் முடித்தவர் பெயரைப் பலகையில் பெயின்டால் எழுதுவாராம். ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறோம்.

வீட்டுக்காரர் சிரித்தார். "நீ எதத்தான் முடிச்சிருக்கே? தபால்ல பி.ஏ. பாதி, இந்திப் பரீட்சை பாதி. பின்னுன ஸ்வெட்டருக்கு ஒரு கைதான் இருக்கு." உண்மைதான். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. இதையாவது முடிக்கிறேன், பார்.

மார்ச் 30, ஞாயிறு

மூன்றாவது முடிந்தது. காவியம். பாதி புரியவில்லை, புரிந்த பாதியைச் சொன்னேன். ஒன்பதில் ஐந்து பேர்தான் மிச்சம்.

ஜூன் 11

ஆபீசில் நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு ரயிலில் புத்தகத்தைப் பிரித்தால் எழுத்தெல்லாம் ஊர்கிறது. ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்தேன். முண்டியம்பாக்கத்தில் யாரோ தோளைத் தட்டினார்கள். "புஸ்தகம் கீழ வுழுந்துட்சும்மா."

ஆகஸ்ட் 23, சனி

சின்னவனுக்கு அம்மை. வேப்பிலை, இளநீர், துவைத்த துணியையே துவைப்பது. லீவு போட்டும் உட்கார நேரமில்லை. எட்டாவது புத்தகம் 212ஆம் பக்கத்திலேயே நிற்கிறது. இன்னும் நூற்று எழுபது பக்கம். யாரால் ஆகும்?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது.

சின்னவனுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றியாயிற்று. போக மாட்டேன் என்றுதான் இருந்தேன். காலையில் அந்தப் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பினால், உள்பக்கத்தில் எவனோ ஒரு புண்ணியவான் பென்சிலில் முழுக் கதையையும் சுருக்கி எழுதி வைத்திருக்கிறான். கப்பலேறிப் போன அண்ணனுக்காகத் தங்கை காத்திருக்கிற கதை. கடைசி வரி: "அண்ணன் கடலில் மாண்டான். தங்கை அழுதாள். முற்றும்."

அதை அப்படியே, கொஞ்சம் உப்பு காரம் சேர்த்து, படித்தவள் மாதிரி வட்டத்தில் சொன்னேன். சார் தலையாட்டிக்கொண்டே கேட்டார். என் வாசகர் கார்டில் எட்டாவதும் முடிந்ததென்று கையெழுத்தும் போட்டார்.

கதவோரம் உட்கார்ந்து கேட்கிற தைலம்மாள் அழுதுவிட்டாள். நூலகம் பெருக்குகிறவள், எழுத்துத் தெரியாது. மரக்காணம் பக்கத்துக் குப்பத்துக்காரி. அவள் அண்ணன் சிங்காரம் பதினோரு வருஷத்துக்கு முன்னால் கட்டுமரம் ஏறிப் போனவர், இன்னும் வரவில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் சொன்னேனே!

டிசம்பர் 28, ஞாயிறு

பலகையில் எழுதிவிட்டார்கள். மல்லாட்டை மண்டியில் கடலை வியாபாரம் செய்கிற முருகையன் பெயரும் என் பெயரும் மட்டும். வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "பரவால்லியே அம்சா, முடிச்சிட்டியே."

பதினைந்து வருஷத்தில் முதல் நல்ல வார்த்தை. அதை நிம்மதியாக வாங்கிக்கொள்ள எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. பதினொன்றுதானே முடித்தேன்?

ஜனவரி 5, 1987, திங்கள்

எட்டாவதை மறுபடி எடுத்து வந்துவிட்டேன். "முடிச்சதயே எதுக்குப் படிக்கிற? பேஜாரு புடிச்சவளே!" என்றார் இவர். புத்தகத்தைப் பிரித்தேன். பக்கம் 213.

ஜனவரி 20

ஐயோ, அண்ணன் சாகவே இல்லை!

350ஆம் பக்கத்தில் கப்பல் உடைகிறது. அந்தப் பென்சில்காரன் அங்கேயே புத்தகத்தை மூடியிருக்கிறான். அவனும் என்னை மாதிரிதான், பாவி. கடைசி முப்பது பக்கத்தில் அண்ணன் தாடியும் மீசையுமாகத் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். விக்கிரவாண்டி வந்தது தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

ஒருத்தியை வீணாக அழ வைத்திருக்கிறேன். தைலம்மாளிடம் சொல்லலாமா? கதையில் வந்துவிட்டான் என்றால், வராத அண்ணனை நினைத்து இன்னும் அழ மாட்டாளா? சொல்லாமல் எத்தனை ஞாயிறு அவள் முகத்தில் முழிப்பது? அலுப்பாக இருக்கிறது. படித்த அலுப்பு இல்லை இது.

ஜனவரி 25, ஞாயிறு

வட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயரை அழித்துவிடுங்கள் என்றேன். விருத்தாசலம் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அட, வுடுங்கம்மா. நானே அதப் படிக்கல. நீங்க சொன்னதத்தான் நாலு பேர்கிட்ட சொல்லிக்கினு இருந்தேன்." எல்லாரும் சிரித்தார்கள்.

தைலம்மாள் சிரிக்கவில்லை. எழுந்து என் கிட்டே வந்தாள். அறைவாள் என்றே நினைத்தேன்.

"அப்ப சாவலியா அவன்?"

"சாகல தைலம்மா. வந்துட்டான். என்னை மன்னிச்சுடு."

"நான் அன்னிக்கே நெனச்சேம்மா. பொணம் கெடைக்காம எப்டி செத்துட்டான்னு எழுதுவாங்கன்னு. எங்கண்ணி இன்னும் தாலியக் கழட்டல, தெரியுமா?"

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இதுவரை அவள் அங்கே நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "அவன் வந்து நிக்கிற எடத்தப் படிம்மா. ஜல்தியா படிக்காத."

முப்பது பக்கத்தையும் உரக்கப் படித்தேன். தொண்டை கட்டிவிட்டது. வந்தவனுக்குத் தங்கை என்ன சோறு போட்டாள் என்று கேட்டாள். புத்தகத்தில் அது இல்லை என்றேன்.

"எழுதலன்னா இன்னா? போட்டிருப்பா."

எட்டாவது இன்று முடிந்தது.