வெள்ளை வந்தால் தூத்துக்குடி

ஜூலை 14
காலையில் முட்டை லாரி வந்து போனது. அட்டை அடுக்க அப்பா என்னைக் கூப்பிடவில்லை. கால்நடை மருத்துவத்துக்கு என் கட்-ஆஃப் எட்டாது என்று தெரிந்ததிலிருந்து அவர் என்னோடு பேசுவது "சோறு ஆச்சா" என்பதோடு சரி. நான் பத்தாவது முடித்தபோதே, "நம்ம பண்ணைக்கு நம்ம புள்ளயே டாக்டர்" என்று தீவனக் கடை வரைக்கும் சொல்லி வைத்துவிட்டார். ஆசை காட்டியது நான்தான். இயற்பியலில் கோட்டை விட்டதும் நான்தான்.

ஜூலை 17
தீபிகாவுக்கு நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவ இடம். வாழ்த்து அனுப்பினேன். இதயப் படம் ஒன்று திரும்பி வந்தது. அவ்வளவுதான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவள்!

ஜூலை 26
இடம் கிடைத்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று போட்டுவைத்த விண்ணப்பம். மீன்வளப் படிப்பு, தூத்துக்குடி. போனில் பார்த்தபோது கோழிக் கொட்டகையில் நின்றிருந்தேன். சொல்ல ஆளில்லாமல் கோழிகளிடம் சொன்னேன். அவை தீவனத்தைத்தான் பார்த்தன.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். "கோழிக்காரன் புள்ள மீன் புடிக்கப் போகுதாக்கு?" என்றார். தனியார் கல்லூரி பஸ் வாசலுக்கே வருகிறதாம், அதில் ஏறிப் போய் ஏதாவது படித்தால் போதுமாம். அம்மாவைப் பார்த்தேன். "அவ்வளவு தொலவு எனக்கும் இஷ்டமில்லீங்க" என்று அவரிடமே சொல்லிவிட்டாள்.

அம்மாவுமா?

ஜூலை 27
வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். நான் மட்டும் தனியாக.

ஜூலை 29
சேர்வதாக உறுதி செய்ய நாளை மறுநாள் கடைசி. குலதெய்வத்திடம் பூ கேட்டுவிடலாம் என்று அம்மாதான் ஆரம்பித்தாள். கல்யாணமோ கிணறோ, எங்கள் பக்கம் பூ கேட்காமல் எதுவும் நடக்காது. இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. அப்பா உடனே ஒப்புக்கொண்டார். "சாமி சொன்னா குறுக்க நிக்க நான் ஆரு?"

ராத்திரியெல்லாம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்தது இதற்குத்தானா? கோபம் கோபமாக வருகிறது. ஆனாலும் — வெள்ளை வரட்டும், தாயே.

ஜூலை 30
அம்மா வீட்டிலேயே பூவைக் காகிதத்தில் மடித்து நூல் சுற்றிக் கொண்டுவந்தாள். பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துவிட்டு, கோயிலுக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னார். அவள் ஒன்றை எடுத்து நீட்டினாள். அப்பா பிரித்தார்.

வெள்ளை.

அவர் அதைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இன்னொரு பொட்டலத்தை அம்மா முந்தானையில் முடிந்துகொண்டாள். வண்டியில் திரும்பினோம். ராசிபுரம் தாண்டியதும் அப்பா, "பெட்டி ஒண்ணு வாங்கோணும்" என்றார்.

செப்டம்பர் 5
விடுதி. நான் 'போகோணும்' என்றாலே அறையில் இருக்கும் மற்ற இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். கெட்ட பெண்களில்லை, ஆனால் இருவருமே பக்கத்து ஊர்க்காரர்கள், சனி ஞாயிறு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இன்று செய்முறை வகுப்பில் மீனை அறுத்துக் காட்டியபோது குமட்டிக்கொண்டு வந்தது. யாரிடம் போய்ச் சொல்ல? அடம்பிடித்து வந்தவள் நான்.

செப்டம்பர் 7
ஞாயிறு. காலையிலிருந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. போர்வை எடுக்கப் பெட்டியைத் துழாவியபோது அடியில் அந்தக் கோயில் பொட்டலம் கையில் பட்டது. கிளம்பும்போது அம்மா வைத்தது. பயமாக இருந்தால் தலைமாட்டில் வைத்துக்கொள், பிரிக்காதே என்று சொல்லியிருந்தாள். அழுகை தாங்காமல் பிரித்துவிட்டேன்.

அப்பா எடுத்துக்கொண்டது வெள்ளை. அப்படியானால் இது சிவப்பாக அல்லவா இருக்க வேண்டும்?

காய்ந்து பழுப்பேறியிருந்தது. ஆனால் வெள்ளை அரளிதான்.

இரண்டையும் வீட்டில் மடித்தது அம்மா. பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டாயா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். பின்னால் அப்பாவின் இருமல் கேட்டது.

"பொட்டலத்தப் பிரிச்சயா சாமி?"

"இல்லம்மா."

"செரி. அது உங்கிட்டயே இருக்கட்டும்."

அதே நூலைச் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். நாளைக் காலை முதல் வகுப்பே மீன் அறுப்பதுதான்.