தயிர்ப் பெட்டியும் புழுப் பெட்டியும்

இஞ்சருங்கோ, நேற்றிலிருந்து மனோன்மணி உங்களோடு கதைக்கிறதில்லை. ஆனபடியால் அவளுடைய கதையை இந்தச் சீட்டு சொல்லுகிறது.

மெல்பேர்னில் ஒரு மனுசி இருந்தாள். வெள்ளிக்கிழமை விரதச் சோற்றுக்குத் தயிர் எடுக்க பிரிட்ஜைத் திறந்து, ஐஸ்கிறீம் பெட்டிக்குள் கரண்டியை விட்டாள். கரண்டியில் ஏறி நெளிந்தது மண்புழு! ஈரமண்ணும் வழுவழுப்புமாக, ஒன்றையொன்று பின்னிக்கொண்டு... சீ! தயிர் உறைய வைக்கிற அதே மாதிரிப் பெட்டியில்தான் அவளுடைய புருசன் தூண்டிலில் மீன் பிடிக்க இரை வைத்திருந்தார். குளிரில்தான் புழு உயிரோடு கிடக்குமாம்.

ஆசையாகப் பிளாஸ்டிக் புழு வாங்கிக் கொடுத்தாளே, அது போதாதோ?

"பிளாஸ்டிக்கைக் கடிக்க மீன் என்ன மடையனோ? ஒண்டாவது கடிக்கட்டும், அண்டைக்கே இந்தப் பெட்டியை வெளியில வீசுறன்" என்று சிரித்தார் மனுசன்.

அவள் சிநேகிதி சந்திரவதனா வீட்டுக்குப் போகிறாள். இடியப்பத்துக்கு வைத்த மிச்சச் சொதியை பிரிட்ஜில் வைக்காதேங்கோ. அங்கே இன்னும் அதுகள் குடியிருக்குதுகள். வெளியே போனால் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பூச்சாடிக்குக் கீழே வையுங்கோ.

பி.கு.: சாப்பிட்டு முடித்த பிறகு நீங்கள் வாசிக்க வேண்டுமென்றுதான் சீட்டைச் சாப்பாட்டுக் கோப்பைக்கு அடியில் வைத்தாள். உங்களுடைய சிவப்பு இடியப்பத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் புழுவைக் கழுவிச் செருகியிருந்தாள். பல்லு நோகாது, மெத்தென்றதாகப் பார்த்துத்தான் எடுத்தாள்.

கடித்தீர்கள்தானே? பெட்டியை வீசுங்கோ. பின்னேரம் வருவாள்.