என் கையைக் குற்றம் சொல்ல வைத்த பெடல்

அன்புள்ள மச்சான் ரவி,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் கருமாதி அன்று எல்லோரும் சாப்பிடும்போது நான் உன் கட்டிலுக்கடியில் மாட்டிக்கொண்டு கிடந்தேன். உன் கிட்டார் பையை எட்டப் போய் தோள் சிக்கிவிட்டது. அழுது விழுந்துவிட்டேன் என்று நினைத்து, உன் பெண்டாட்டி, அதாவது என் தங்கச்சி, தண்ணீரோடு ஓடிவந்தாள்.

பையில் உன் பெடல் இருந்தது. காலால் மிதித்து கிட்டாரை உறும வைக்கும் அந்தச் சின்னப் பெட்டி. என்னுடையதைப் போலவே கறுப்புப் பெயின்ட். "ஒரே சாமான்தான் மச்சான், ரெண்டா வாங்கிட்டேன்" என்றாயே. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியாதா?

இரண்டிலும் பெயின்டைச் சுரண்டி, அடியில் இருந்த இங்கிலீஷ் பெயரைத் தங்கச்சி வாசித்தாள். உன்னுடையது ஓவர்டிரைவ். என்னுடையது டிஸ்டோர்ஷன்.

"இவரு ஏண்ணே இதுக்குப் பெயின்ட் அடிச்சாரு?"

"வெயிலுக்கு, தங்கச்சி. நம்ம லிந்துலையில வெயில் கூடத்தானே" என்றேன், வருஷம் முழுக்கக் கம்பளி போர்த்தித் திரியும் மலையூரில்.

பன்னிரண்டு வருஷம். கல்யாணத்திலும் திருவிழாவிலும் உன் கம்பி பாடும், என் கம்பி தேயிலை ஃபெக்டரி மாதிரி இரையும். "ஒனக்குக் கை கனம் மச்சான், பின்னாடி நின்னு வாசி" என்பாய். நானும் நின்றேன்.

போன வாரம் ஹட்டன் டவுன் கிட்டார் கடையில் இரண்டையும் மாட்டச் சொல்லி நானே வாசித்துப் பார்த்தேன். டிஸ்டோர்ஷன் கெட்ட சாமான் இல்லை, கத்துகிற பாட்டுக்கு நல்லது. ஆனால் எப்படித் தொட்டாலும் ஒரே இரைச்சல். ஓவர்டிரைவ் மெல்லத் தொட்டால் மெல்லப் பேசுகிறது, அழுத்தினால்தான் உறுமுகிறது.

"ஒங்களுக்குக் கை மென்மைங்க" என்றார் கடைக்காரர்.

சிரித்துவிட்டு வெளியே வந்தேன். பஸ் வரும்வரை உன்னைத் திட்டினேன். நான் முன்னால் வந்துவிடுவேன் என்று பயந்தாயா? அவ்வளவு நன்றாகவா வாசித்தேன்? அதையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே.

தங்கச்சி உன் பெடலையே எடுத்துக்கொள்ளச் சொன்னாள். வேண்டாம் என்று புதிய ஓவர்டிரைவ் வாங்கினேன். உன் வருஷத் திதிக்கு உனக்குப் பிடித்த பாட்டை முன்னால் நின்று வாசிப்பேன், சத்தியம்.

நேற்றுத் திருவிழாவிலேயே வாசித்திருப்பேன். முன்னால் நின்று பெடலை மிதித்தேன். சத்தம் வரவில்லை. வாங்கிய நாளிலிருந்து பெடலில் வயரைக் கழற்றாமல் வைத்திருந்தேன்; வயர் மாட்டியிருந்தால் உள்ளே பெட்டரி கரைந்துகொண்டே இருக்குமாம், தீர்ந்திருந்தது. பாட்டுக்காரர் கிட்டார் இல்லாமலே பாடி முடித்தார். நன்றாக இருந்ததாம்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டிக்கு அண்ணன்,
உனக்கு இன்னும் மச்சான்.