கணக்குப் பரீட்சைக்கு முன்னால்

நான் பேசாமல் இருக்கும் தங்கச்சிக்கு,

இந்த வயதில் பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகிறேன். சிரிக்காதே. மாதிரித் தேர்வில் ஒவ்வொரு தடவையும் கணக்கில்தான் தோற்கிறேன்.

நேற்று மத்தியானம் பேத்தி என் விடைத்தாள்களைக் கட்டிலில் விரித்தாள். ஜன்னல் திரை அசைய அசைய, எண்களெல்லாம் தண்ணீருக்கடியில் நீந்தின.

"பாட்டி, உனக்குக் கணக்கு வருது. வராத ஒன்னோட மல்லுக்கட்டியே நேரத்தைத் தொலைக்கிற. பின்னாடி சுலபமானதெல்லாம் தொடாமலே கிடக்கு பாரு. விட்டுட்டு அடுத்ததுக்குப் போ!"

"அதெப்படிடி விடறது?" என்றபடியே கண்ணயர்ந்தேன். கனவில் நீ இரட்டைச் சடையோடு பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாய்.

அம்மாவின் தோட்டை நீ எடுத்துக்கொண்டதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. இப்போதைக்கு அதைத் தாண்டிப் போகிறேன். நேரம் மிஞ்சினால் திரும்பி வந்து சண்டை போடலாம். அடுத்த வாரம் பரீட்சை. பயமாக இருக்கிறது, கூட வா.

கோபம் ஆறாத,
உன் அக்கா