உறைப்பில்லாத பருப்பு

இஞ்சாருங்கோ,

இங்கே ஊஸ்டரில் மழை; சுவிஸ் முழுக்க மழையாம். நீங்கள் கொண்டுபோன பிள்ளையின் சாம்பலை ஊரில், கீரிமலைக் கடலில் கரைத்தாயிற்று என்று உங்கள் தங்கை மாதங்களுக்கு முன்பே சொன்னாள். நீங்கள் எப்போது திரும்புவீர்கள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீங்கள் புறப்பட்ட மறுநாள், கைப்பழக்கத்தில் மிளகாய் போடாமல், பிள்ளைக்கு உறைப்பில்லாத பருப்பைச் சமைத்துவிட்டேன். கொட்ட மனம் வரவில்லை. அவள் கிடந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய், இன்னொரு கட்டிலருகில் இருந்த தாய்க்கும் மகனுக்கும் கொடுத்தேன். சாப்பிட்டார்கள். அடுத்த நாளும் சமைத்தேன்.

பஸ்ஸில் என் பாத்திரத்தைப் பார்த்த பவதாரணி அக்கா, "சோறு நான் போடுறன்" என்றா. பிறகு கோயில்காரர் பெரிய சமையல் கிடாரங்கள் தந்தார்கள். கீழ்வீட்டு சுவிஸ்காரி பேக்கரியில் கேட்டுப் பாண் கொண்டுவந்தா. நகரசபை ஒரு சமையலறையைத் திறந்துவிட்டது. இப்போது மூன்று ஆஸ்பத்திரிகளில் நோயாளிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எங்கள் சாப்பாடு போகிறது. பருப்பு மட்டும் எப்போதும் உறைப்பில்லாமல்தான். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

நேற்று அதைச் சங்கமாக்கி, பிள்ளையின் பெயரை வைத்தார்கள். நானும் கைதட்டினேன் என்று நினைக்கிறேன். அக்கா மாலை கட்டிக்கொண்டு வந்து, "படம் எங்கை, தங்கச்சி?" என்று கேட்டா.

"வீட்டை கிடக்கு" என்றேன்.

மாலை இப்போது ஃபிரிட்ஜில், பாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

புறப்படும்போது சுவரிலிருந்த பிள்ளையின் படத்தை நீங்கள் கழற்றி உங்கள் பெட்டிக்குள் வைத்ததை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அதைத் தபாலில் அனுப்ப வேண்டாம். நீங்களே கொண்டுவாருங்கோ.

பிள்ளையின் அம்மா