முன்பகுதி இல்லாத காணொலி

ஜூஜுவாடி,
திங்கட்கிழமை.

கண்ணியமிக்க அன்பு மகன் இலியாஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இறையருளால் நாங்கள் உடல்நலத்தோடு இருக்கிறோம். நீயும் அவ்வாறே இருக்க இறைஞ்சுகிறேன். இருபது நாள்களாகக் கடிதம் எழுதாத பிழையைப் பொறுத்தருள்க. இங்கு நடந்தது உனக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று உன் அத்தா தடுத்தார். ஆகையால் அவர் அறியாமல், விடுமுறை முடிந்து நாளை அங்கே திரும்பும் உன் நண்பன் பிரேம்குமாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தங்கை மெஹ்னாஸும் மாப்பிள்ளை உஸ்மானும் விருந்துக்கு வந்திருந்தபோது, நாங்கள் நாள்தோறும் பார்க்கும் தொடரில் வரும் கொடுமைக்காரக் கணவனைப் போல் மாப்பிள்ளை பேசிக் காட்டினார். முந்தைய வாரம் அதே குரலை மறுபடி பேசச் சொல்லிச் சிரித்தவள் நான்தான். அன்று நான் அடுப்படியில் இருந்தேன். அந்தக் கணவன் சொல்லும் தலாக்கை மும்முறை, மெஹ்னாஸைப் பார்த்தே சொல்லியிருக்கிறார். அவளும் சிரித்துக்கொண்டே அவர் கைபேசியில் படம் பிடித்திருக்கிறாள். அதன் கடைசித் துண்டை மட்டும் மாப்பிள்ளை நண்பர்களுக்கு அனுப்ப, அது கம்பெனிப் பேருந்து வரை போய்விட்டது. "என்ன உஸ்மானு, பொண்டாட்டிய அவ ஊட்டுக்கு அனுப்பிவுட்டியாமே" என்று ஷிப்டில் கேட்டிருக்கிறார்கள். அஞ்சிப்போய் முழுப் படத்தையும் அழித்துவிட்டார்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டோம். பிறர் கூற்றை எடுத்துரைப்பது வேறு, தானே சொல்வது வேறு, விளையாட்டு என்பது மட்டும் காப்பாற்றாது, வெள்ளிக்கிழமை விசாரிப்போம் என்றார். தொடரில் வருவதைச் சொல்கிறேன் என்று கூறிவிட்டுத்தான் தொடங்கினாரா என்பதே கேள்வி. மாப்பிள்ளையைக் கேட்டால், "சொன்னேன்னுதான் நெனப்பு மாமி, சத்தியம் பண்ணத் தெரியல" என்கிறார். மெஹ்னாஸுக்கும் நினைவில்லை. தெளியும்வரை அவர் தனக்கு அயலார் என்று இங்கேயே தங்கிவிட்டாள். நேற்று அவர் வாசலுக்கு வந்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் வைத்துப்போன மாம்பழப் பையை இன்னும் எவரும் தொடவில்லை.

உன் அத்தா தொலைக்காட்சி இணைப்பைப் பிடுங்கிவிட்டு, என் கைபேசியையும் நூலகத்து நாவல்களையும் பூட்டிவிட்டார். "கதைதான் குடிய கெடுத்துச்சு" என்கிறார். நான் அதை ஏற்கவில்லை. பள்ளி செல்லாத எனக்கு எழுத்தறிவித்தவை கதைகளே. அக்கணவனை நாம் வெறுக்க வேண்டும் என்றுதான் அவனை அப்படி எழுதினார்கள். நாங்களோ வெறுப்பை விட்டுவிட்டுக் குரலை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஈமான் உள்ளவர்கள் கதை பார்ப்பதில் குற்றமில்லை. ஆயின் அதிலிருந்து எந்தச் சொல்லை நம் நாவில் ஏற்றுகிறோம் என்று நிதானிக்க வேண்டும். நான் நிதானிக்கவில்லை. நீ அங்கே எதைப் பார்த்தாலும் இதை மனத்தில் கொள்.

முழுப் படத்தையும் அன்றே உனக்கு அனுப்பியதாக மாப்பிள்ளை இன்று காலைதான் சொன்னார். உன்னிடம் கேட்க மாட்டேன் என்கிறார். அதனுள் என்ன இருக்குமோ என்று அஞ்சுகிறார். எனக்கும் அச்சமே. ஆயினும் அதைத் தேடி எடு. தொடரில் வருவது என்று அவர் முதலில் கூறவில்லை என்று கண்டாலும் ஒரு நொடியும் வெட்டாமல் அனுப்பு. மெஹ்னாஸ் வேண்டுவதும் அதுவே. உன் அத்தாவின் எண்ணுக்கே அனுப்பு. அவர் சினத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இறைவன் உன் உடலையும் ஈமானையும் காப்பானாக. வேளைக்குச் சாப்பிடு. வெள்ளிக்கிழமைக்கு முன் பதில் அனுப்பு.

உன் தாய்,
ஃபகருன்னிசா