கதவுக்குப் போட்ட லாஞ்சு முடிச்சு

“ஒரு புள்ளய பாத்துக்கத் தெரியல” என்று கணவன் நேற்றுச் சொன்னதிலிருந்து பேச்சை நிறுத்தியிருந்த கெங்கா, மீன் விற்கக் கிளம்புமுன் காலண்டர் தாளைக் கிழித்து எழுதி, தூங்குகிறவன் தலைமாட்டில் வைத்தாள்:

யோவ் பாரி அப்பா,

புள்ள உள்ள பூந்துடுறான்னு பாத்ரூமு, கிச்சன் ரெண்டு கதவையும் மீன்புடி லாஞ்சு கட்டுற கயித்தால கட்டிட்டு தூங்கிட்ட. காலைல என்னால அவுக்க முடியல. உன்ன எழுப்பினா பேசணுமேன்னு பக்கத்து வூட்டு ரமாபாய் அக்கா பாத்ரூமுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தா உன் புள்ள ரெண்டு முடிச்சயும் பல்லால கடிச்சி அவுத்துட்டு, தண்ணி ட்ரம்முல உன் செல்போன குளிப்பாட்டிகினு கீறான். போன அரிசில பொதைச்சி வெச்சிக்கீறேன். அவன மறுபடி தூங்க வெச்சிட்டேன்.

புள்ள வெளிய ஓடிடக் கூடாதுன்னு வாச கதவ வெளிய பூட்டிக்கீறேன், சாவி அக்காகிட்ட கீது. கொரலு குடுத்தா தொறப்பாங்க.

அப்பறம், வஞ்சிரக் கொழம்பு கிச்சன்ல. நடுத்துண்டு உனக்குத்தான். கிச்சன் கதவ என் பாவாட நாடாவால கட்டிக்கீறேன். அவுக்க முடியலன்னா புள்ளய எழுப்பு.